கால் வோல்ட்

மாப்பிள்ளை பேட்டரியைக் கழற்றினான், சட்டை நுனியால் துடைத்தான், மறுபடியும் மாட்டினான். காலையிலிருந்து இது நான்காவது தடவை. எதிர் மேசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஊசி அதைப் பார்த்தபடியே தேநீரை உறிஞ்சினான். துடைத்தால் வந்துவிடுமா? மூன்று மாதமாகத் தொலைந்துபோயிருக்கிற கால் வோல்ட், பேட்டரியைப் பளபளவென்று துடைத்ததும் 'இதோ வந்துட்டேன்' என்று மீட்டரில் ஏறி நிற்குமா? இந்த ஆளுக்குப் பட்டம் கொடுத்த புண்ணியவான் யார் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினான். விழுங்கிவிட்டு, "டீ குடிச்சீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டான்.

"இத முடிச்சிட்டுக் குடிக்கிறேன் மச்சான்."

"முடியட்டும், முடியட்டும்."

தன்னைவிட ஒன்பது வயது சின்னவன். ஆனால் தங்கையைக் கட்டியவன். அதனால் வாயில் 'நீங்க', மனசுக்குள் 'அவன்'. இந்த இரட்டைக் கணக்கை ஊசி ஆறு வருஷமாகப் பிசகில்லாமல் நடத்திவந்தான். பழைய கம்பெனி மூடியபோது வீட்டில் சும்மா இருந்த மனிதனை இங்கே ஒப்பந்த வேலையில் சேர்த்துவிட்டதும் ஊசிதான். சேர்த்துவிட்ட நாளிலிருந்து அந்த ஒரு காரியத்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டிருப்பதும் அவன்தான். ஊசி ஒரு தடவை எல்லோர் முன்னாலும் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுத் தொலைத்ததில், இப்போது வாசல் காவலாளி வரைக்கும் அவனுக்கு அதுதான் பெயர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிற அந்த முகத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

ஊசிக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், அவன் செய்வது ஆசிலேட்டர். ரேடியோ அலையைப் பிறப்பிக்கிற சின்ன மின்சுற்று. அது பிறப்பிக்கிற அலையை அனலைசர் திரையில் பார்த்தால் கறுப்பு வெளியில் ஒற்றைக் கோடாக நிற்கும். "ஊசி மாதிரி நிக்கணும், இல்லன்னா தூக்கிக் குப்பையில போடுங்க" என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது ஒட்டிக்கொண்டது. நாக்கும் அப்படித்தான் என்பது லேபில் பொதுவான அபிப்பிராயம். அவனுக்கு உலகத்தில் பாதிப் பேரைப் பிடிக்காது, மீதிப் பேரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒன்றும் பூஜ்யமும் மட்டும் தெரிந்த டிஜிட்டல்காரர்களைப் பார்த்தால் இளக்காரம். சாப்ட்வேர்காரர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எல்லோருக்கும் கீழே, கடைசிப் படியில் அவன் உட்கார்த்தி வைத்திருந்தது பவர்காரர்களை. பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்து, பதமாக மாற்றி, ஆசிலேட்டருக்குப் பரிமாறுகிறவர்கள். பரிமாறுகிறவனுக்குச் சமையலைப் பற்றி என்ன தெரியும் என்பது அவன் கட்சி.

சிப் ஒன்றும் பிரமாதமானது இல்லை. தண்ணீர் மீட்டருக்குள் உட்கார்ந்து, தினமும் நாலு தடவை அளவை ரேடியோவில் சொல்லிவிட்டுத் தூங்குகிற சிப். ஒரே பேட்டரியில் ஐந்து வருஷம் ஓடவேண்டும் என்பதுதான் வாங்குகிறவர்கள் போட்ட நிபந்தனை. பேட்டரி மூன்று வோல்ட், ஆசிலேட்டருக்கு வேண்டியது ஒரு வோல்ட். பழைய முறை என்றால் நடுவில் ரெகுலேட்டர் ஒன்றை வைத்து, மிச்ச இரண்டு வோல்ட்டைச் சூடாக எரித்துத் தள்ளிவிடுவார்கள். மூன்று குடம் தண்ணீர் சுமந்துவந்து இரண்டைத் தரையில் கொட்டுகிற வேலை, ஆனால் சத்தமில்லாத வேலை. மாப்பிள்ளை கொண்டுவந்த கன்வர்ட்டர் வேறு மாதிரி. சிப்புக்கு உள்ளேயே மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற குட்டிக் குட்டி கெபாசிட்டர்களை வைத்து, பேட்டரியில் முகந்து, ஆசிலேட்டரில் ஊற்றி, மறுபடி முகந்து, வினாடிக்குப் பல லட்சம் தடவை. கொட்டிக் கவிழ்ப்பது குறைவு. ஆனால் ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் ஒரு சின்ன ஆட்டம். அந்த ஆட்டம் ஆசிலேட்டருக்குத் தெரிந்தால், திரையில் ஊசிக்கு இரண்டு பக்கமும் இரண்டு குட்டிக் கோடுகள் முளைக்கும். லேபில் அதற்குக் கொம்பு என்று பெயர். கொம்பு முளைத்த ரேடியோவை எந்த நாட்டிலும் விற்கவிடமாட்டார்கள்.

"நடுவுல ஒரு ரெகுலேட்டர் இல்லாம நேரா குடுக்கறதா?" என்று முதல் கூட்டத்திலேயே ஊசி கேட்டான்.

"நேராத்தான் மச்சான். பதினாறு துண்டாப் பிரிச்சு, ஒண்ணு விட்ட இடத்துல அடுத்தது ஊத்தற மாதிரி வச்சிருக்கேன். ஆட்டம் தெரியாது. எழுதியிருக்கேன், பாருங்க."

நாற்பது பக்கம் எழுதியிருந்தான். ஊசி முதல் படத்தை மட்டும் பார்த்தான். "ஒரு வாளியத் தூக்க பதினாறு பேரா? மாப்பிள்ளை, இது சிப்பா, கல்யாண வீடா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்த நாற்பது பக்கத்தை ஊசியின் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அது அங்கேயே தேநீர்க் கோப்பைக்கு அடியில் கிடந்து, மேல் பக்கத்தில் வட்டம் வட்டமாகக் கறை ஏறியது.

வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் ஊசி ஒரு காரியம் செய்தான். அந்தக் கடைசி நாளில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இல்லை. லேஅவுட் வரைகிற அம்மாள், அறுபதை நெருங்குகிறவள், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கடைசிக் கோடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் ஆசிலேட்டர் கட்டத்துக்குள் மூலையில் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டினான். "இங்க ஒரு குட்டி ரெகுலேட்டர் வைங்க. என் பழைய சிப்புல இருந்ததுதான்." ரெகுலேட்டரை ஒதுக்கிவிட்டு கன்வர்ட்டரை நேராக இணைக்க, மென்பொருளிலிருந்து தட்டுகிற சுவிட்ச் மாதிரி ஒரு ரகசிய பிட்டும் வைத்தான். எதற்காக வைத்தான் என்று கேட்டால், என்றைக்காவது ஒருநாள் அந்த பிட்டைத் தட்டி, "பாருங்க, இதுதான் மாப்பிள்ளையோட லட்சணம்" என்று கொம்புகளைக் காட்டவேண்டும் என்ற ஆசைதான். வேறு ஒரு காரணமும் இல்லை.

"எதுலயும் எழுதலையா?" என்று லேஅவுட் அம்மாள் கேட்டாள்.

"அப்புறம் எழுதிக்கலாம்."

எழுதவில்லை. சிப் வந்தது. திரையில் ஊசி ஊசியாக நின்றது, கொம்பு இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஊசியும் குலுக்கினான். குலுக்கும்போது, அடேய் முட்டாளே, உன் அழுக்கை உள்ளே உட்கார்ந்து வடிகட்டிக்கொண்டிருப்பது என் ரெகுலேட்டர், என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அதில் அவனுக்கு ஒரு சுகம் இருந்தது. தான் காப்பாற்றியவன் தெரியாமல் இளித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற சுகம்.

கோளாறு இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ஒரு வோல்ட்டில் ஆசிலேட்டர் புறப்படவே மாட்டேன் என்றது. ஒன்றே கால் கொடுத்தால்தான் எழுந்தது. ஊசிக்குக் காரணம் தெரியும். ரெகுலேட்டர் என்று ஒன்று நடுவில் உட்கார்ந்தால் அதற்கும் கால் வோல்ட் தீனி வேண்டும். ஆனால் சிப்புக்கு நடுவில் யாராலும் மீட்டர் வைக்க முடியாது. வெளியே தெரிவது பேட்டரி முனை மட்டும்தான். ஆசிலேட்டரோ ஆறு வருஷமாக ஓடுகிற, பேர் வாங்கிய ஆசிலேட்டர். கன்வர்ட்டர் புதுசு. ஆகவே, வழியில் எங்கோ கன்வர்ட்டர்தான் கால் வோல்ட்டைத் தின்கிறது என்று ஒரே நாளில் ஊரே முடிவு கட்டிவிட்டது. ஒன்றே காலுக்கு ஏற்றியதில் ஐந்து வருஷ பேட்டரி நாலு வருஷமாகிப்போனது. மாப்பிள்ளை மறுத்துப் பேசவில்லை. "பாக்கறேன் சார்" என்றான். அன்றிலிருந்து மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஊசி வாயைத் திறக்கவில்லை. அதற்கு அவனிடம் நியாயம் இருந்தது, மடிப்புக் கலையாத நியாயம். ரெகுலேட்டர் இல்லாவிட்டால் சிப்பே குப்பை. அதற்கு நாலு வருஷம் மேல். சொல்லப்போனால் அந்த ஒரு வருஷம் மாப்பிள்ளையின் அழுக்குக்குக் கட்டிய அபராதம். அதை அவன்தானே சுமக்க வேண்டும்?

இன்று காலைதான் விஷயம் முற்றியது. மேலாளர் ஊசியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். லேபில் அவருக்கு ஸ்லைடு சார் என்று பெயர். மூன்று வரிக்கு மேல் உள்ள எதையும் அவர் படித்ததில்லை. ஒரு காலத்தில் மின்சுற்று வரைந்தவர்தான் என்று சொல்கிறார்கள், அதை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். அந்த கன்வர்ட்டர வெளிய வாங்கிடலாம்னு இருக்கேன். ரெடிமேடா கிடைக்குது" என்றார்.

"சரி சார்."

"அவரோட கான்ட்ராக்ட் இந்த மாசம் முடியுது. நீட்டிக்க வேணாம்னு பாக்கறேன். உங்க சொந்தம்னு தெரியும். அதனாலதான் உங்ககிட்டயே கேக்கறேன். ஆசிலேட்டர் உங்களது. இந்த கன்வர்ட்டர் அதுக்கு லாயக்கா இல்லையா? ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நீங்க என்ன எழுதறீங்களோ அதுதான்."

ஊசி தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். ஒரு பக்கம் எதற்கு? ஒரு வரி போதும். ஆனால் சொந்தக்காரனுக்கு வேட்டு வைத்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. மறுக்க முடியாத சாட்சி வேண்டும், படத்தோடு. பிட்டைத் தட்டி, கொம்புகளைப் படம் பிடித்து, அந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. ரெகுலேட்டர் விஷயம் வெளியே வந்தாலும் பாதகமில்லை. முன்யோசனை உள்ளவன் என்றுதான் பேர் வரும்.

மதியம் தங்கை போன் செய்தாள். அவள் வேலை செய்கிற பல் ஆஸ்பத்திரியின் பின்படியிலிருந்து பேசுகிறாள் என்பது கதவு அடிக்கிற சத்தத்தில் தெரிந்தது.

"அண்ணா, உன்கிட்ட எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காங்களாம். அவரு சொன்னாரு."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். நான் சிபாரிசுக்குப் பேசல. அவரு மேல தப்பு இருந்தா இருக்குன்னே எழுது. ராத்திரில எழுந்து உக்காந்து அந்தப் படத்தையே பாத்துட்டிருக்காரு. தப்புதான்னு உறுதியாத் தெரிஞ்சிட்டா அதோட விட்டுருவாரு. தெரியாம அலையறதுதான் பாக்க முடியல."

"பாத்துட்டு எழுதறேன்."

"பாத்துட்டுத்தான எழுதுவ? எனக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

ஊசிக்கு எரிச்சல் வந்தது. சண்டை போட்டிருந்தால், அழுதிருந்தால், சமாளித்திருக்கலாம். இவளும் அவனோடு சேர்ந்து அதே மாதிரி ஆகிவிட்டாள். ஒரு வீட்டில் தலையாட்ட ஓர் ஆள் போதாதா?

மூன்று மணிக்கு மாப்பிள்ளை கிளம்பிப்போனான். போகும்போது, "வீட்ல பெருசா விரிச்சுப் பாத்தாதான் புரியும் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான். லேபில் வேறு யாரும் இல்லை. குளிர்சாதனத்தின் முனகல் மட்டும். ஊசி ஒரு சிப்பை எடுத்துப் பலகையில் பொருத்தி, அனலைசரைப் போட்டு, மடிக்கணினியைத் திறந்தான். திரையில் பழக்கமான ஊசி எழுந்து நின்றது. படம் பிடிக்கத் தயாராக வைத்துக்கொண்டு, அந்த ரகசிய பிட்டை ஒன்றாக்கினான்.

ஊசி கொஞ்சம் நகர்ந்து, அதே உயரத்தில் நின்றது. இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை.

பிட் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். படித்துப் பார்த்தான், ஒன்று என்றது. பூஜ்யமாக்கி, மறுபடி ஒன்றாக்கினான். ஒவ்வொரு தடவையும் ஊசி அந்த மயிரளவு நகர்ந்தது. அப்படியென்றால் பிட் வேலை செய்கிறது. கன்வர்ட்டர் நின்றுபோய், எங்கிருந்தோ நல்ல மின்சாரம் உள்ளே வருகிறதோ? கன்வர்ட்டரை அணைத்தான், ஆசிலேட்டர் செத்தது. போட்டான், உயிர் வந்தது. கேபிளை மாற்றினான். அனலைசரின் பார்வையை இன்னும் கூர்மையாக்கி, கொம்பு முளைத்தால் எந்த இடத்தில் முளைக்குமோ அந்த இடத்தையே பெரிதுபடுத்தினான். புல் முளைக்காத தரை மாதிரி கிடந்தது. இன்னொரு சிப்பைப் பொருத்தினான். பிறகு இன்னொன்று. ஐந்தாவது சிப்பிலும் அதே தரைதான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொம்பு முளைக்காதா என்று ஏங்கி உட்கார்ந்திருக்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது.

கடைசியாக, வேறு வழியில்லாமல், கன்வர்ட்டரை ஒன்றே காலிலிருந்து ஒரு வோல்ட்டுக்கு இறக்கினான். ஆசிலேட்டர் அசையவில்லை. ஒரு வோல்ட்டில், கன்வர்ட்டரோடு நேராக, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி மீட்டரைப் பார்த்தான். பேட்டரியிலிருந்து இழுக்கிற மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஐந்து வருஷம்.

ஊசி மேசைக்குப் போய், கோப்பையை நகர்த்தி, அடியில் கிடந்த நாற்பது பக்கத்தை எடுத்தான். தேநீர்க் கறைக்கு நடுவே, பதினாறு துண்டுகளும் ஒன்றுக்கொன்று எப்படி விட்டுக்கொடுத்து ஊற்றுகின்றன என்பது கோடு கோடாக வரையப்பட்டிருந்தது. எட்டாம் பக்கத்தில் மிச்ச ஆட்டம் எவ்வளவு என்று எண் போட்டிருந்தான். சற்றுமுன் பெரிதுபடுத்திப் பார்த்த தரை அந்த எண்ணில்தான் இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில், "ரெகுலேட்டர் தேவையில்லை. வைத்தால் கால் வோல்ட் வீணாகும்" என்று ஒரு வரி. வீட்டுக் கணக்கு மாதிரி சாதாரணமாக எழுதிவைத்திருந்தான். படித்திருந்தால் ஐந்து நிமிஷம். ஊசிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

லேஅவுட் அம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். ஊசி அவள் மேசைக்குப் போய் நின்றான். என்ன கேட்கப்போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அன்னிக்கு அந்த மூலையில ஒண்ணு வரைஞ்சீங்களே..."

"ஆமா. ஒன்பது மணிக்கு வரைஞ்சேன். பஸ்ஸையும் விட்டேன்."

"அதப் பத்தி யாராவது கேட்டாங்களா?"

அவள் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். "யாரும் கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேன். நான் என்ன திருடியா வச்சிருக்கேன்? முப்பது வருஷமா வரையறேன் தம்பி. உங்கள மாதிரி ஆளுங்க கடைசி நாள் வந்து, சாமான் ரூம்ல மூட்டைய ஒளிக்கிற மாதிரி எதையாவது ஒளிச்சிட்டுப் போறது புதுசு இல்ல. எல்லாம் அடுத்தவன் மேல இருக்கற நம்பிக்கை." பையின் ஜிப்பை இழுத்தாள். "இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து எழுதினதில்ல."

அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள், அவன் அங்கே நிற்கிறான் என்பதைப் பொருட்படுத்தாமல்.

நடந்தே தங்கை வீட்டுக்குப் போனான். அரைமணி நேரத் தூரம். வழியெல்லாம் அவன் மனசு தன் வேலையைச் செய்தது. சொல்லாமலே சரிசெய்ய வழியிருக்கிறது. அந்த பிட்டை மென்பொருளில் ஓசைப்படாமல் ஒன்றாக்கிவிட்டு, 'கன்வர்ட்டர் லாயக்குத்தான், ஒரு சின்ன அமைப்பு மாற்றம்' என்று எழுதிவிடலாம். ஸ்லைடு சார் மூன்று வரிக்கு மேல் படிக்கமாட்டார். மாப்பிள்ளைக்கு வேலை நிலைக்கும், ஐந்து வருஷமும் வரும், எல்லோரும் கைதட்டுவார்கள். கால் வோல்ட் எங்கே போனது என்று கேட்டால் ஏதாவது மழுப்பலாம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை அதன் பிறகும் தேடுவான். வேலை நிலைத்தால் என்ன, எண் சரியானால் என்ன, போனது எங்கே போனது என்று தெரிகிற வரைக்கும் இரவில் எழுந்து உட்காருவான். அந்த ஜாதி மனிதன். ஊசிக்கு அது தெரிந்திருந்தது. ஏனென்றால் அவனும் அந்த ஜாதிதான். தன்னைத் தவிர இந்தக் கட்டடத்தில் யாருக்கும் அந்தக் கிறுக்கு கிடையாது என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டிருந்தான்.

கதவைத் தங்கைதான் திறந்தாள். கையில் ஈரம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். எட்டுத் தாள்களை ஒட்டி, தொழிற்சாலைக்குப் போன சிப்பின் வரைபடத்தைப் பாய் மாதிரி விரித்து, நாலு மூலையிலும் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருந்தான் மாப்பிள்ளை. பனியனோடு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, முழங்கையை ஊன்றிக் குனிந்திருந்தான். "வாங்க மச்சான், உக்காருங்க" என்று நாற்காலியில் கிடந்த துவைத்த துணியை அள்ளினான். கன்வர்ட்டர் இருக்கிற பக்கம் முழுவதும் பென்சில் குறிகள். ஒவ்வொரு கம்பியின் மேலும், ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஒரு சின்னப் புள்ளி. அது சரியென்று தேறியதும் ஒரு சின்னக் கோடு. ஆயிரம் இருக்கும். இரண்டாயிரமும் இருக்கலாம். கன்வர்ட்டரிலிருந்து ஆசிலேட்டருக்குப் போகிற அகலமான கம்பியை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்திருந்தான். ஆசிலேட்டர் கட்டத்தின் எல்லைக் கோட்டில் குறிகள் சட்டென்று நின்றன. அதற்கு அந்தப் பக்கம் பென்சில் படாமல் காகிதம் வெள்ளையாக இருந்தது.

"எல்லாம் பாத்துட்டேன் மச்சான். இதோ, இந்த வாசல் வரைக்கும் ஒரு வோல்ட் முழுசா வரணும். கணக்குல வருது. அப்புறம் எங்க போகுதுன்னுதான் தெரியல. நான்தான் எங்கயோ விட்டிருக்கேன். இன்னொரு தடவ முதல்ல இருந்து வரேன்."

"கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏன் பாக்கல?"

"அது உங்க ஆசிலேட்டர் மச்சான்."

"அதான் கேக்கறேன். ஏன் பாக்கல?"

மாப்பிள்ளை, வேடிக்கையாக ஏதோ கேட்டுவிட்டதைப் போலச் சிரித்தான். "அதுல என்ன இருக்கப்போகுது? நீங்க போட்டதுல்ல."

ஊசிக்கு முதலில் வந்தது கோபம்தான். இப்படியா ஒருத்தன் நம்புவான்? மூன்று மாதம், இரண்டாயிரம் குறி, கடைசியில் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவன் மாதிரி அந்தக் கோட்டில் நின்றுவிட்டானே, மடையன். எல்லோரையும் சந்தேகப்படு என்று இவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லையா? இந்தக் கோபம் முழுவதையும் மாப்பிள்ளையின் தலையில் கொட்ட வாய் திறந்தான். கொட்ட முடியவில்லை. அவன் இதுவரை இளக்காரமாகப் பார்த்த முகங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்று இப்போது தன்னைப் பார்ப்பதைப் போல இருந்தது. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம்.

"எழுதிட்டியா அண்ணா?" தங்கை சமையலறை வாசலிலிருந்து கேட்டாள்.

"இல்ல."

மாப்பிள்ளையின் காதிலிருந்து பென்சிலை எடுத்தான். எல்லைக் கோட்டைத் தாண்டி, வெள்ளையாகக் கிடந்த பக்கத்தில், அரிசி மணி அளவுக்கு ஒரு சின்னச் சதுரம் இருந்த மூலையைத் தேடிப் பென்சில் முனையை அதன்மேல் வைத்தான். ஒரு புள்ளி விழுந்தது.

"இது என்ன மச்சான்?" மாப்பிள்ளை குனிந்தான். "இது எனக்குக் குடுத்த சர்க்யூட் படத்துல இல்லையே." மேசை விளக்கின் கழுத்தை வளைத்து அருகே இழுத்தான். கையைத் துடைத்துக்கொண்டே தங்கையும் வந்து மறுபக்கம் குனிந்தாள். விளக்கின் சூடு மூன்று பேர் முகத்திலும் பட்டது. மாப்பிள்ளையின் விரல் அகலமான கம்பியின் மேல் மெதுவாக நகர்ந்து வந்தது, எல்லைக் கோட்டில் ஒரு கணம் தயங்கியது, பிறகு அதைக் கடந்து அந்தச் சதுரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஊசி பென்சிலை எடுக்கவில்லை.